பாசிப்பச்சைத் தொங்கட்டான்

அந்த வீட்டில் யார் காதிலும் ஜோடி பொருந்தி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இடது காதுக் குஞ்சம் அரை விரல் அதிகமாகத் தொங்கும். பெரிய மகளுக்கு ஒரு காதில் ஊதா, மறு காதில் அந்த ஊதாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாகிற இன்னொரு ஊதா. சின்ன மகள் போட்டிருப்பதில் குஞ்சத்தின் கழுத்தில் சுற்றிய நூல் நெகிழ்ந்து, அது அப்போதுதான் தூங்கி எழுந்த தலையாக இருக்கும். ஊருக்கெல்லாம் காதுக்கு அழகு செய்து அனுப்புகிறவர்கள் இப்படித் திரிகிறீர்களே என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அது அந்த வீட்டுச் சட்டம். முதல் தரம் கடைக்கு. கழிசல் வீட்டுக்கு. கழிசலிலும் கொஞ்சம் தேறியது மாடிக்கு, அதாவது எனக்கு.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். தையல்காரி. எனக்கென்று குடும்பம் இல்லாததால் கீழ்வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பொழுதுபோக்கு என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். மெஷினை நிறுத்தினால் கீழே பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கிற வீட்டில் காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்?

கீழ்வீட்டு அம்மாவைத் தெருவே நூலக்கா என்று கூப்பிடும். எம்பிராய்டரி நூலில் குஞ்சம் கட்டித் தொங்கட்டான் செய்கிறவள். அவள் கணவர் பேருந்து நிலையத்துக்கு வெளியே மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பவர், அதனால் சாவிக்காரர். மகள்கள் இரண்டு பேர். மூத்தவளுக்கு இருபத்து மூன்று. அவளைக் கத்தரி என்போம். குஞ்சத்தின் நுனியை அவள் மாதிரி ஒரே வெட்டில் வெட்ட ஆளில்லை என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவள் வாயைத் தெரிந்தவர்களுக்கு வேறு காரணமும் தெரியும். சின்னவளுக்குப் பதினெட்டு. பேச்சு குறைவு, அக்காவின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள்.

முன்னறைதான் வேலை செய்யும் இடம். சன்னலை ஒட்டி நீள மேசை. சுவரில் ஆணி அடித்து நிறவாரியாக நூல் சிட்டங்கள். நூலக்கா உள்ளங்கை அகல அட்டையில் நூலை எண்பது சுற்று சுற்றுவாள். மேல் மடிப்பில் ஒரு நூலைக் கோத்து இறுக்கி, அட்டையை உருவி, கீழ் மடிப்பை வெட்டினால் குஞ்சம். கழுத்துக்குப் பளபளக்கிற நூலில் ஒன்பது சுற்று போட்டு, முடிச்சை ஊசியால் உள்ளே இழுத்து ஒளித்துவிடுவாள். அப்புறம் சின்னவள் அதைச் சீப்பால் வாரிக் கெண்டி மூக்கில் வருகிற ஆவியில் காட்டுவாள், நெளிவெல்லாம் நீங்கி நூல் நேராக விழும். கடைசியாகக் கத்தரி ஒரு துண்டுக் காகிதத்தைக் குஞ்சத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, வெளியே நீட்டுகிற நுனியை ஒரே வெட்டு. இரண்டை அருகருகே தொங்கவிட்டு நூலக்கா பார்ப்பாள். ஒரு நூல் அளவு பிசகினாலும் கழிசல் டப்பாவுக்குப் போய்விடும். அவள் கண்ணில் படாமல் அந்த மேசையிலிருந்து ஒரு கொக்கி வெளியே போகாது என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை அந்த வீட்டில் பெரிய சண்டை. பக்கத்து நகரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் அணிகலன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கத்தரி சொன்னாள். அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். சாவிக்காரர் கூடாது என்றார். அவள் போவேன் என்றாள். போனால் அப்படியே போய்விடு, திரும்பி இந்தப் படி ஏறாதே என்று அவர் கத்தியது மாடியில் எனக்குக் கேட்டது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நூலக்கா முந்தின நாளே கட்டிவைத்த சரக்கைச் சின்னவளிடம் கடையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, சண்டை பிடிக்காமல் குழாயடிக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று மகளை வழியனுப்பக்கூட இல்லை.

அன்று மதியம்தான் அணையைத் திறந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் இரண்டு பேருந்துகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவள் எந்தப் பேருந்தில் ஏறினாள், ஏறினாளா என்பதே தெரியவில்லை. போன் மதியத்திலிருந்து அணைந்தே கிடந்தது. பதினோராம் நாள் வாய்க்கால் மதகில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்ததென்று காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சாவிக்காரர் மட்டும் போனார். முகத்தை வைத்து அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. காதில் பாசிப்பச்சைக் குஞ்சத் தொங்கட்டான் இரண்டும் அப்படியே இருந்தன. என் வீட்டு வேலைதான் இது, என் மகள்தான் என்று கையெழுத்துப் போட்டு, அங்கேயே எரித்துவிட்டு வந்தார். நூலக்கா பார்க்கக் கேட்டதற்கு, "பாக்காதே. நான் பாத்தது போதும்," என்றார். கத்தரியின் புகைப்படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டினார்கள். சிட்டங்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் வேலை பாதியும் மூச்சு பாதியுமாக ஓடியது. ஒரு நாள் மத்தியானம் நூலக்கா கீழேயிருந்து, "தையலு, உன் டேப்பை எடுத்துக்கிட்டு வா," என்று கூப்பிட்டாள். நான் போனபோது மேசையில் ஒரு காக்கிக் கவர் பிரிந்து கிடந்தது. சாவிக்காரர் அன்று வாங்கி வந்து அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டெடுத்திருக்கிறாள். கிண்ணத்துத் தண்ணீர் சேறாகக் கலங்கியிருந்தது. அந்தத் தொங்கட்டானைச் சோப்பு நுரையில் மூன்று தரம் அலசியிருந்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கடைச் சரக்கைத் தயார் செய்கிற அதே நிதானத்தில் சிக்கெடுத்து வாரினாள். அடுப்பில் கெண்டி கொதித்தது. ஆவியில் காட்டக் காட்ட அந்த நூல் ஒவ்வொன்றாக நிமிர்ந்து விழுந்தது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர, கழுத்தில் ஒன்பது சுற்றும் அசையவில்லை. இரண்டையும் சன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். செத்தவள் காதிலிருந்து கழற்றியது அங்கே புதுச் சரக்காக ஆடியது. அதைப் பார்த்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

"அளந்து சொல்லு," என்றாள்.

அளந்தேன். மூன்றே கால் அங்குலம். மற்றதும் மூன்றே கால். என் வாயால்தான் சொன்னேன். அந்த அளவைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

"சுத்து சரி. நிறம் சரி. நீளம் சரி. இது முதல் தரம், தையலு. என் பொண்ணு என்னிக்காவது முதல் தரம் போட்டு நீ பாத்திருக்கியா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உண்மை அதுதானே.

"இதை எவளோ கடையில வாங்கிப் போட்டிருக்கா. அந்த மனுஷன் நூலைப் பாத்து நம்ம வீட்டுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கார். நம்ம வீட்டு வேலைதான். அதுக்காக நம்ம பொண்ணாயிடுமா? மாசம் இருநூறு ஜோடி அனுப்பறோம். இருநூறு பேரும் என் பொண்ணா?"

சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் புகைப்படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் போக்கே மாறியது. நூலக்கா நான்கு தட்டு கழுவி வைத்தாள். பெரியவளின் படுக்கையை உதறி விரித்தாள். அப்பன் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு ரோஷக்காரி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள், கோபம் தணிந்தால் வருவாள் என்று தெருவில் சொன்னாள். தெருவும் ஆமாம் என்று தலையாட்டியது. ஒரு தாயின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? எனக்கும்கூட மெல்ல மெல்ல ஆசை வந்துவிட்டது. படியில் யாராவது விறுவிறுவென்று ஏறினால் கத்தரியோ என்று மெஷினை நிறுத்துவேன்.

சாவிக்காரர்தான் உடைந்து போனார். முதலில் மனைவியோடு வாதாடினார். பிறகு வாதாடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தையலம்மா, அப்ப நான் யாரை எரிச்சுட்டு வந்தேன்?"

பிறகு அவரே பேசினார். அவர் எரித்த அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறாளாம். நனைந்த உடையோடு முன்னறை வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாளாம். பகல் வெளிச்சத்திலேயே. முகத்தைக் காட்டுவதில்லை. எதுவும் கேட்பதும் இல்லை.

"கேட்டாலாவது பதில் சொல்லலாம். எங்க அப்பா அம்மா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? அவங்க பொண்ணைத் தேடிக்கிட்டு இருப்பாங்க. நான் சாம்பலையும் கரைச்சுட்டேன். ஒரு எலும்பு மிச்சம் வைக்கல."

உங்களுக்கு உடம்பு சரியில்லை, நல்ல டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள் நான். ஆனாலும் அன்று முதல் கீழே முன்னறை நிலையைக் கடக்கும்போது ஓரமாக ஒதுங்கித்தான் நடந்தேன், யாரோ நிற்கிற இடத்தில் இடிக்காமல் போவதுபோல. ஒரு நாள் நூலக்காவும் அதே மாதிரி ஒதுங்கி நடப்பதைப் பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நூலக்காவுக்குப் பயமில்லை. அவளுக்கு அந்தப் பெண் மீது பரிவு வந்துவிட்டது. கம்பியில் தொங்கிய தொங்கட்டானை எடுத்துப் பஞ்சில் வைத்துச் சின்ன டப்பாவில் மூடினாள். அந்தப் பெண்ணின் அம்மா வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்றாள். தன் மகள் உயிரோடு இருக்க இன்னொருத்தி மகள் செத்திருக்க வேண்டும் என்பதை அவள் யோசித்துத்தான் இருந்தாள். "எனக்குச் சந்தோஷமா இருக்கு. அது பாவமா?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள்.

சின்னவளோ மேசைப் பக்கமே வருவதில்லை. ஆவி பிடித்தால் கண் எரிகிறது என்றாள். நான்காவது தட்டில் அம்மா சோறு போடும்போது எழுந்து போய்விடுவாள். நகத்தைச் சதை வரை கடித்து வைத்திருந்தாள். அக்கா வருவாள் என்று வீடே சொல்லிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் ஏன் முகம் செத்துப்போயிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நனைந்து நிற்கிறவளை நினைத்துப் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

நூலக்கா காவல் நிலையத்துக்கும் போய்விட்டு வந்தாள். அங்கே எழுதுகிறவர் நல்ல மனிதராம், உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பாவே அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டது, வெறுமனே காதுக் குஞ்சத்தை வைத்து மாற்ற முடியாது, அதை வேறு யாராவது வாங்கினார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், காணாமல் போனவர்கள் பட்டியலில் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவளுக்கு அது போதும். கடைக்குப் போனால் யார் வாங்கினது என்று கடைக்காரம்மாவுக்கு நினைவிருக்கும், அந்தப் பாசிப்பச்சையில் கட்டியதே ஒரு டஜன் ஜோடிதான், அந்த ஒரு டஜனும் அந்த ஒரு கடைக்குத்தான் போனது என்றாள். என்னையும் துணைக்கு இழுத்தாள்.

பேருந்தில் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கத்தரி வந்ததும் அந்த வேலைக்கே அனுப்பிவிடப் போகிறாளாம். அப்பாவைச் சரிக்கட்டுவது தன் பொறுப்பாம். பெண்ணுக்கு இனி கழிசல் போட மாட்டாளாம், முதல் தரத்தில் நிறத்துக்கு ஒன்று எடுத்து வைக்கப் போகிறாளாம். நான் சிரித்தேன். நூலக்கா வாயில் அந்த வார்த்தை வந்தது உலக அதிசயம்தான்.

கடைக்காரம்மா எங்களுக்கு நாற்காலி போட்டாள். வளையல், கிளிப், பொட்டு என்று திணறுகிற சின்னக் கடை. விஷயத்தைக் கேட்டு அவளுக்கும் கண் கலங்கியது. யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை, ஆனால் சரக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவது தன் வழக்கம், அதைப் பார்த்துக் கேட்டவர்கள் யார் என்று போனில் இருக்கும் என்றாள். போனில் படங்களை நகர்த்தி நகர்த்தி அந்த வியாழக்கிழமைக்குப் போனாள். காலை பத்து மணி. படம் தெளிவாக இருந்தது. வெள்ளை அட்டையில் வரிசைக்கு நான்கு ஜோடியாக மூன்று வரிசை. பாசிப்பச்சை. கடைசி வரிசையில் ஓரத்து இடத்தில் இரண்டு ஊசித் துளை மட்டும் இருந்தது.

நூலக்கா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நான் பன்னெண்டு குத்தி வச்சேன்," என்றாள்.

"பதினொண்ணுதான்க்கா வந்துச்சு. உங்க சின்னப் பொண்ணுகிட்ட அப்பவே சொன்னேனே. அடுத்த தடவை சேத்துக் கொண்டு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்புறம் வெள்ளம், அது இதுன்னு, நான் கேக்கல."

அந்தப் பதினொன்றில் ஒன்றை அந்தப் பெண் வாங்கியிருக்கலாமே என்று நான் அவசரமாகச் சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. கடைக்காரம்மா தயங்கித் தயங்கி, மதியம் தண்ணீர் வரும்வரை அன்று கடையில் ஒன்றும் விற்கவில்லை என்றாள். அட்டையே வெளியே தொங்கவில்லையாம், வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தொங்கவிட்டாளாம்.

திரும்பி வரும் பேருந்தில் நூலக்கா சன்னலோரம் உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, "வழியில விழுந்திருக்கும். எவளாவது எடுத்துப் போட்டிருப்பா," என்றாள். நான் ஆமாம் என்றேன். அட்டையில் குத்தி, மடித்து, பெட்டிக்குள் வைத்து, நூலால் கட்டியது எப்படித் தானாக விழும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

சாவிக்காரர் வேலைக்குப் போகாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நழுவப் பார்த்தேன், நூலக்கா பிடியைத் தளர்த்தவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"ஒரு ஜோடி எங்கடி?"

சின்னவள் எந்த ஜோடி என்று கேட்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான்தான் எடுத்தேம்மா."

அப்பாவிடம் திட்டு வாங்கிவிட்டு அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாளாம். காதில் அந்த இரண்டு ஊதா. நாலு பெரிய மனிதர்கள் முன்னால் போய் நிற்கப் போகிறவள், அதுவும் தொங்கட்டான் செய்யத் தெரியும் என்று சொல்லி வேலை கேட்கப் போகிறவள், கோணல் ஜோடியோடு போனால் சிரிக்க மாட்டார்களா என்று இவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டியிருந்த பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துத் தானே மாட்டிவிட்டாள். அம்மா எண்ணிவிடுவாள் என்று அக்கா பயந்தாள். சாயங்காலம் வந்ததும் கழற்றி ஆவியில் காட்டி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று இவள் சொன்னாள்.

"முதல்ல உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. அப்பா பாத்துட்டு வந்த பிறகு சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ அவ உயிரோட இருக்கான்னு சொன்னே. தட்டு வச்சே. நான் வாயைத் தொறந்தா அவளை நானே கொன்ன மாதிரி ஆயிடும்னு..."

சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப நான் எரிச்சது நம்ம பொண்ணைத்தானா?" என்றார். "வேற யார் வீட்டுப் பொண்ணும் இல்லையே? நல்லாச் சொல்லும்மா. நம்ம பொண்ணுதானே?"

ஆமாம் என்று சின்னவள் தலையசைத்தாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்படி ஒரு நிம்மதியை எந்த அப்பனுக்கும் கொடுத்துவிடக் கூடாது. மறுநொடியே அது என்ன நிம்மதி என்று அவருக்கே உறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

நூலக்கா கத்துவாள், சின்னவளை அடித்தாலும் அடிப்பாள், நடுவில் விழ வேண்டும் என்று நான் தயாராக நின்றேன். அவள் என் கையை விட்டாள். மகள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாட்டிக்கிட்டுக் கண்ணாடியில பாத்தாளா?" என்றாள்.

"பாத்தாம்மா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பாத்தா."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்கான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

சின்னவள் கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புன்னு சொன்னேன்."

"நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் நூலக்கா. சின்னவளின் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருந்திருக்கும்டி," என்று இன்னொரு தடவை சொன்னாள். பிறகு பெரியவளின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.